தனியாக விடுமுறை, டிவியில் பழைய படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியாக ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களில் பலரும் ஏதோ ஒரு சாயங்காலம் அறைக்குத் திரும்பி, காலை நீட்டி, ரிமோட்டைக் கையில் எடுக்கத்தான் செய்கிறார்கள். வெளியில் சொல்லத்தான் கூச்சம். அந்தக் கூச்சத்தில் தொடங்கி திரையின் கறுப்புப் பட்டை வரை, வழக்கமாக வரும் கேள்விகளும் என் பதில்களும் இவை.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு அறைக்குள் படம் பார்ப்பது விடுமுறையை வீணடிப்பது ஆகாதா?

ஆகாது. தனியாகப் போகும் பயணத்தில் காலையில் எழுந்ததிலிருந்து எல்லாம் உங்கள் தலையில்தான். எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே சாப்பிடுவது, பார்த்தது போதுமா, இன்னும் அரை மணி நேரம் இருக்கலாமா? கூட ஒருவர் இருந்தால் பாதி முடிவை அவர் எடுப்பார். தப்பாகப் போனால் அவரைத் திட்டவாவது செய்யலாம். தனியாளுக்கு அந்த வசதி இல்லை. பொழுது சாயும்போது கால் வலியைவிட, முடிவெடுத்து முடிவெடுத்து மண்டை காய்ந்து போனதுதான் பெரிய களைப்பு. அந்த நேரத்தில் யாரோ தேர்ந்தெடுத்த படம், யாரோ குறித்த நேரத்தில், நம்மை எதுவும் கேட்காமல் ஓடிக்கொண்டிருப்பது எவ்வளவு நிம்மதி!

“இதற்கா அங்கே போனாய்?” என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்கள் கூட வரவில்லையே.

ஆனால் வெளியே போகத் தயங்கி டிவிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது வேறு விஷயம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். ஒளிந்துகொள்பவர் சேனலை மாற்றிக்கொண்டே இருப்பார், எந்தப் படத்திலும் பத்து நிமிடம் நிற்கமாட்டார். பிடித்துப் பார்ப்பவர் ஓரிடத்தில் நின்றுவிடுவார். முதல் வகையில் இருப்பது தெரிந்தால் டிவியை அணைத்துவிட்டு, தெருமுனை வரைக்குமாவது நடந்துவிட்டு வாருங்கள்.

கையில் போன் இருக்கிறது, அதில் ஆயிரம் படம் இருக்கிறது. சேனலில் வருவதை எதற்குப் பார்க்க வேண்டும்?

அந்த ஆயிரம்தான் பிரச்சினை. பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே அரை மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு, கடைசியில் ஏற்கெனவே பார்த்த படத்தையே திரும்பப் போடுகிறோம். போன் பரிந்துரைப்பதும் நாம் முன்பு பார்த்ததை ஒட்டியே இருக்கும். சேனலுக்கு நம்மைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. நீங்களாகத் தேடிப் போய்ப் பார்க்கவே மாட்டீர்கள் என்கிற படத்தை அது பாட்டுக்குப் போடும். நிறுத்தவும் முடியாது, ஓட்டவும் முடியாது. அதனாலேயே கவனம் தானாக நிற்கும்.

பழைய படங்களும் டிவியும் இப்படித்தான், ஒன்றையொன்று பெரிதாக மதிக்காமலேயே உறவு கொண்டாடின. 1950-களின் நடுவில் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் தங்கள் கிடங்கில் கிடந்த பழைய படங்களை மொத்தமாகத் தொலைக்காட்சிக்குத் தள்ளிவிடத் தொடங்கின. ஆர்கேஓ 1955-லும் வார்னர் 1956-லும் விற்றன. பாரமவுண்ட் 1958-ல் விற்றது. நிலையங்களுக்குத் தேவை, காலி நேரத்தை மலிவாக நிரப்ப ஏதோ ஒன்று.

இதில் எனக்குப் பிடித்த கதை ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ படத்துடையது. 1946-ல் வெளிவந்தபோது போட்ட பணத்தைக்கூட அது எடுக்கவில்லை. 1974-ல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். உடனே அமெரிக்க நிலையங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தள்ளின. ரசனையால் இல்லை, செலவில்லாத படம் என்பதால். மக்கள் யதேச்சையாகப் பார்த்தார்கள், பார்த்துப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாக நேசித்தார்கள். அந்த மக்களுக்கு நேர்ந்ததுதான் விடுமுறை அறையில் உங்களுக்கும் நேரலாம்.

பாதியில்தான் பிடித்தேன். தொடக்கம் தெரியாமல் பார்ப்பது அரைகுறை இல்லையா?

பாதியில் நுழைவது டிவி கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம் என்று நினைக்கிறோம். அது தியேட்டரிலேயே இருந்தது. அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரு காலத்தில் காட்சிகள் இடைவெளியின்றி ஓடிக்கொண்டே இருக்கும், ஜனங்கள் இஷ்டப்பட்ட நேரத்தில் உள்ளே போவார்கள். கடைசி வரை பார்த்துவிட்டு, அடுத்த சுற்றில் தொடக்கத்தையும் பார்த்து, தாங்கள் வந்த கட்டம் வந்ததும் எழுந்து போவார்கள். 1960-ல் ‘சைக்கோ’ வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் கறாராக விதி போட்டதும், அது பெரிய செய்தியானதும் இந்தப் பழக்கத்தினால்தான்.

அந்தக் காலத்துப் படங்களில் கதை கொஞ்சம் தாராளமாகவே எடுத்துச் சொல்லப்படும். யார் யாருக்கு என்ன உறவு, யார் மேல் யாருக்குக் கோபம் என்பதெல்லாம் வசனத்தில் இரண்டு மூன்று முறை வந்துவிடும். கால் மணி நேரம் பொறுத்தால் பிடிபட்டுவிடும். அதுவரை ஊகம்தான். அந்தப் பெரியவர் அப்பாவா, மாமனாரா? இந்த ஆள் நல்லவனா, அல்லது நல்லவன் மாதிரி நிற்கிறானா? தனியாக இருப்பதில் ஒரு லாபம் இங்கே உண்டு: பக்கத்திலிருந்து “அவன்தான் கொலைகாரன்” என்று சொல்ல ஆள் கிடையாது.

துப்பறியும் படமாக இருந்து, மர்மத்தை விடுவிக்கும் காட்சியில் நுழைந்துவிட்டால் மட்டும் சேனலை மாற்றுங்கள். அதற்கு மருந்து இல்லை.

என்ன படம் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ரிமோட்டில் ‘இன்ஃபோ’ அல்லது ‘கைடு’ பொத்தான் இருக்கும். அழுத்தினால் பெயர் வரும், அது சரியாகவும் இருக்கலாம். வராவிட்டால், கடைசியில் பெயர் ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். பழைய படங்களில் பெயர்ப் பட்டியல் முழுவதும் தொடக்கத்திலேயே போய்விடும். முடிவில் ‘சுபம்’ அல்லது ‘வணக்கம்’, ஒரு நொடி, அவ்வளவுதான். ஒரு பாட்டு வரும்வரை காத்திருந்து அதன் முதல் வரியைத் தேடினால் படம் கிடைத்துவிடும். அடையாளம் தெரிந்த இரண்டு நடிகர்களின் பெயரைச் சேர்த்துத் தேடுவதும் பலிக்கும்.

எனக்கு இன்னும் பிடித்த விளையாட்டு, காலத்தை ஊகிப்பது. படம் கிட்டத்தட்டச் சதுரமா, அகலமா? அகலத்திரை சினிமாஸ்கோப்பின் முதல் படம் ‘தி ரோப்’, 1953. இந்தியாவில் அது 1959-ல் ‘காகஸ் கே பூல்’ படத்தோடு வந்தது. தமிழுக்கு வர 1973-ன் ‘ராஜராஜ சோழன்’ வரை ஆனது. எனவே இழுக்காமலும் வெட்டாமலும் அகலமாக ஓடும் தமிழ்ப் படம் 1973-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. சதுரமாக இருப்பதை வைத்து மட்டும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது; அகலத்திரை வந்த பிறகும் சதுரப் படங்கள் பல வருடம் தொடர்ந்தன. அப்புறம் காரின் மாடல், போனில் டயல் இருக்கிறதா, காலர் எவ்வளவு அகலம். தவறாக ஊகித்தாலும் கேட்க யார் இருக்கிறார்கள்?

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிகிறது. டிவியில் கோளாறா?

இல்லை, எல்லாம் சரியாக இருப்பதன் அடையாளம் அதுதான். 1932-லிருந்து ஹாலிவுட் கடைப்பிடித்த திரை அளவு 1.37-க்கு 1. உயரத்தைவிட அகலம் கொஞ்சம்தான் அதிகம். பழைய டிவிப் பெட்டியும் ஏறத்தாழ அதே வடிவில் 4:3 ஆக வந்தது. டிவி வந்து கூட்டம் குறைந்ததும், வீட்டில் கிடைக்காத ஒன்றைத் தருகிறோம் என்று சினிமா அகலமாகிவிட்டது. இப்போதைய டிவி 16:9. அதற்குள் பழைய சதுரப் படத்தை நேர்மையாக வைத்தால் பக்கங்களில் பட்டை விழும். சினிமாஸ்கோப் படத்தை நேர்மையாக வைத்தால் மேலும் கீழும் விழும்.

நான் தங்கிய அறையில் பட்டை இல்லை. ஆனால் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள்.

பட்டை பிடிக்காத யாரோ படத்தை இழுத்து நிரப்பிவிட்டார்கள். 4:3 படத்தை 16:9-க்கு இழுத்தால் எல்லா முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலமாகிவிடும். நிலா முட்டையாகிவிடும். இழுக்காமல் ‘ஜூம்’ செய்திருந்தால் முகம் சரியாக இருக்கும், ஆனால் உயரத்தில் கால்வாசி வெட்டுப்படும். நெற்றிக்கு மேலே தலை இல்லையென்றால், ஆடும்போது பாதம் தெரியவில்லையென்றால் காரணம் இதுதான். பாதம் தெரியாத நடனத்தைப் பார்ப்பதற்குப் பேசாமல் தூங்கலாம்.

ரிமோட்டில் ‘ஆஸ்பெக்ட்’, ‘பிக்சர் சைஸ்’, ‘வைட்’ என்று ஏதாவது ஒரு பொத்தான் இருக்கும். முகம் இயல்பாகும் வரை அழுத்திக்கொண்டே போங்கள். சில நேரம் சேனலே இழுத்து அனுப்பும், அப்போது உங்களால் முடிந்தது குறைவு. அகலத்திரைப் படத்தைப் பழைய 4:3 பிரதியாகவே போடுவதும் உண்டு. அதில் படத்தின் நாற்பது சதவீதத்துக்கும் மேல் காணாமல் போயிருக்கும். இருவர் பேசும் காட்சியில் ஒருவரின் மூக்கு மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

பழைய படம், ஆனால் நேற்று எடுத்த சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறது. ஏன்?

இதுதான் இன்றைய டிவிகள் பழைய படத்துக்குச் செய்யும் பெரிய கொடுமை. பேசும் படம் நொடிக்கு 24 சட்டங்களாக, அதாவது 24 ஃபிரேம்களாக, எடுக்கப்பட்டது. புதிய டிவி அந்தச் சட்டங்களுக்கு நடுவே தானாகக் கற்பனை செய்த சட்டங்களைச் செருகி அசைவை வழுக்க வைக்கிறது. கிரிக்கெட்டுக்கு அது சரி. பழைய படத்தில் வாள் சண்டை ஒத்திகை மாதிரி ஆகிவிடும், அரண்மனை அட்டை என்பது பட்டவர்த்தனமாகத் தெரியும்.

சாம்சங்கில் இதன் பெயர் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. பட அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிடுங்கள். 2019-ல் அறிவிக்கப்பட்ட ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும், இந்தக் கைவரிசையெல்லாம் ஒரே அடியில் நின்றுவிடும். எதுவும் புரியவில்லையென்றால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’ மோட். ‘டைனமிக்’ மோட் கடையில் காட்சிக்கு வைக்கத்தான், கண்ணுக்கு இல்லை.

செட்டிங்ஸ் திறக்கவே மாட்டேன் என்கிறது. சத்தமும் ஓரளவுக்கு மேல் ஏறவில்லை.

தங்கும் இடங்களில் டிவியை ‘ஹோட்டல் மோட்’ என்ற நிலையில் பூட்டி வைப்பார்கள். சத்தத்துக்கு உச்சவரம்பு, மெனுவுக்குத் தடை, சில இடங்களில் வெளிக் கேபிள் செருகவும் தடை. அடுத்த அறைக்காரர் தூங்க வேண்டும், போன விருந்தாளி குழப்பி வைத்ததை வந்தவர் அனுபவிக்கக்கூடாது என்பதற்காக. வரவேற்பறையில் கேளுங்கள், பட அளவை மாற்றித் தரச் சொன்னால் பெரும்பாலும் ஆள் அனுப்புவார்கள். இணையத்தில் கிடைக்கும் ரகசியப் பொத்தான் வரிசைகளை அழுத்திப் பார்க்காதீர்கள்.

வசனம் சரியாகக் கேட்கவில்லை.

பழைய படங்களின் ஒலி பெரும்பாலும் ஒற்றைத் தடம், பிலிமின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்தது. அதை டிவி ‘சரவுண்ட்’ என்று நாலாபக்கமும் பரப்பினால் குகைக்குள் பேசுவது போலக் கேட்கும். சரவுண்டை அணைத்து, ‘கிளியர் வாய்ஸ்’ அல்லது ‘ஸ்பீச்’ என்று ஏதாவது இருந்தால் அதைப் போடுங்கள். சப்டைட்டில் வந்தால் வெட்கப்படாமல் வையுங்கள். இரவில் ப்ளூடூத் ஹெட்போன் இணைய முடிந்தால் அடுத்த அறைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

பாட்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்த சுருதியில் கேட்பதாகச் சிலர் சொல்வார்கள். அது பிரமை இல்லாமலும் இருக்கலாம். பிஏஎல் (PAL) என்ற ஒளிபரப்பு முறை இருந்த நாடுகளில் 24 சட்டப் படத்தை 25-ஆக ஓட்டிவிடுவது வழக்கம். நான்கு சதவீத வேகம் கூடும், குரலும் கொஞ்சம் மேலே ஏறும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும்.

படம் முழுக்கச் செம்மண் நிறமாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிகிறது. நிறத்தைச் சரிசெய்ய முடியுமா?

டிவியில் நிறத்தைத் திருகிப் பயனில்லை, பிரதியே வெளுத்துவிட்டது. 1950-களுக்குப் பிறகு பரவிய மலிவான வண்ணப் பிலிமில் சாயங்கள் நாளாக நாளாக மங்கும். நீலமும் பச்சையும் சார்ந்தவை முதலில் போக, சிவப்பு மிஞ்சும். அதற்கு முந்தைய டெக்னிகலர் என்ற வண்ண முறைப் பிரதிகளில் சாயம் வேறு முறையில் ஏற்றப்பட்டதால் அவை பல பத்தாண்டுகள் தாங்கின. கறுப்பு-வெள்ளைப் படத்தில் இருப்பது சாயம் இல்லை, வெள்ளி. ஒழுங்காக வைத்திருந்தால் மங்காது. அதனால்தான் 1940-களின் படம் பளிச்சென்றும், 1970-களின் படம் பழுப்பாகவும் வரும் வேடிக்கை நடக்கிறது.

ஆனாலும் பொறுத்துப் பாருங்கள். இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வும், அதே 1931-ல் வந்த தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ படமும் இன்று பிரதியே இல்லாமல் போய்விட்டன. 1950-களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், தானாகவும் நைந்துபோகும். ‘அந்தப் பழைய படம்தானே’ என்று நீங்கள் தாண்டப் போகும் அந்தப் படம், இத்தனையிலும் தப்பி வந்தது.

வண்ணம் பூசிய கறுப்பு-வெள்ளைப் படம் வந்தால்?

பட அமைப்பில் ‘கலர்’ அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நிமிட வேலை, படம் அதன் சொந்த உருவத்துக்கு ஏறத்தாழத் திரும்பிவிடும். வண்ணம் பூசுவதே பாவம் என்கிற கட்சியில் நான் இல்லை. 1960-ன் ‘முகல்-ஏ-ஆசம்’ முழுக்க வண்ணத்தில் 2004-ல் திரைக்கு வந்தபோது ஒரு புதிய தலைமுறை அதைப் பார்த்தது. ஆனால் கறுப்பு-வெள்ளையில் ஒளி அமைத்தவர் நிழலை நினைத்துத்தான் விளக்கு வைத்திருப்பார். அதன் மேல் ரோஜா நிறக் கன்னமும் கிளிப்பச்சைச் சேலையும் பூசினால் அந்த நிழலுக்கு வேலையில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ‘தி விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் பழுப்பு நிற உலகத்திலிருந்து கதவைத் திறந்ததும் வண்ண உலகம் வரும். அது 1956-ல் முதல்முறை தொலைக்காட்சியில் வந்தபோது பெரும்பாலான வீடுகளில் கறுப்பு-வெள்ளைப் பெட்டிதான். கதவு திறந்தது, நிறம் வரவில்லை.

ரொம்ப மெதுவாகப் போகிறது. தூக்கம் வருகிறது.

தூங்குங்கள், விடுமுறைதானே.

மெதுவாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. 1930-லிருந்து 1960 வரை வந்த ஹாலிவுட் படங்களில் ஒரு ஷாட் சராசரியாக எட்டு முதல் பதினோரு நொடி நின்றது என்று திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் கணக்கிட்டிருக்கிறார். இன்றைய படங்களில் அதில் பாதியும் நிற்பதில்லை. போனில் ரீல் பார்த்துப் பழகிய கண் அடுத்த வெட்டுக்குக் காத்திருக்கும், வெட்டு வராது. முதல் இருபது நிமிடம் எரிச்சலாகத்தான் இருக்கும். போனை எழுந்து போய் எடுக்க வேண்டிய தூரத்தில் வைத்துவிட்டால் அதற்கப்புறம் கண் தானாகவே சட்டத்துக்குள் அலையத் தொடங்கும். பின்னால் நிற்கும் துணை நடிகர் என்ன செய்கிறார், சுவரில் என்ன மாட்டியிருக்கிறார்கள், கதாநாயகி பேசாதபோது கையை எங்கே வைத்துக்கொள்கிறாள். எட்டு நொடியும் நிரம்பிவிடும்.

நாள் முழுக்க ஒரு புதிய ஊரை இப்படித்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? அதனால்தான் வீட்டில் பொறுமையில்லாமல் பாதியில் நிறுத்தும் படம் பயணத்தில் பிடித்துப்போகிறது என்று நினைக்கிறேன்.

மௌனப் படத்தில் எல்லோரும் குடுகுடுவென்று ஓடுகிறார்களே?

அப்போது கையால் சுற்றி, நொடிக்குப் பதினாறு, பதினெட்டு சட்டம் என்று கூடக்குறைய எடுத்தார்கள். அதை 24-ல் ஓட்டினால் ஓட்டம்தான். நல்ல பிரதியில் சரியான வேகத்தில் பார்த்தால் அவர்களும் நம்மைப் போலத்தான் நடக்கிறார்கள்.

புரியாத மொழிச் சேனல் மட்டும்தான் வருகிறது.

அப்படியும் பார்க்கலாம், படத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். நீதிமன்றக் காட்சி நிறைந்த படம் வேண்டாம். வாய்ச் சண்டைக் குடும்பப் படமும் வேண்டாம். பேய்ப் படம், துரத்தல், நடனம், உடலால் செய்யும் நகைச்சுவை இவற்றுக்கு மொழி பெரிதாகத் தேவையில்லை. ‘ஆடியோ’ பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், வேறு மொழித் தடம் ஒளிந்திருக்கக்கூடும். வசனம் புரியாதபோது நடிப்பு நிர்வாணமாக நிற்கும். மொழி தெரிந்தால் குரலில் மயங்கி நல்ல நடிகர் என்று நம்பியிருப்போம். இங்கே அந்தச் சலுகை அவருக்குக் கிடைக்காது.

தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரிக்கிறேன். சில நேரம் அழுதும் விடுகிறேன். ஏதாவது பிரச்சினையா?

சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன் என்ற உளவியலாளர், மனிதர்கள் தனிமையில் இருப்பதைவிடக் கூட்டத்தில் சுமார் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். இதில் கவனிக்க வேண்டியது, டிவி, ரேடியோ, புத்தகம் எதுவும் இல்லாத தனிமையை வைத்துச் சொன்ன கணக்கு அது. டிவி ஓடிக்கொண்டிருக்கும் அறையை அவர் வெறும் தனிமையாக எண்ணவில்லை. நீங்களும் எண்ண வேண்டாம்.

அழுகையைப் பொறுத்தவரை, தனி அறை அதற்கு மிக வசதியான இடம். வீட்டில் என்றால் “என்ன ஆச்சு?” என்று ஒருவர் கேட்பார், “தூசி” என்று பொய் சொல்ல வேண்டும். ஆனால் படம் முடிந்த பிறகும் நெடுநேரம் மனசு அடங்கவில்லையென்றால், அது படத்தைப் பற்றியது இல்லை. யாருக்காவது போன் செய்யுங்கள். படக் கதையில் தொடங்கினால் பேச்சு தானாக வரும்.

இன்று பார்க்கவே பொறுக்காத காட்சிகள் வருகின்றன. மனைவியை அறைகிறான், பின்னணி இசை அதைக் கொண்டாடுகிறது.

வரும். நிறத்தையும் உடலையும் சாதியையும் கேலி செய்யும் நகைச்சுவையும் வரும். ‘அந்தக் காலம் அப்படி’ என்று கடந்துபோக எனக்கு வருவதில்லை. அந்தக் காலத்திலும் அறை வாங்கியவளுக்கு வலித்தது. அதற்காகப் படத்தையே குப்பையில் போடவும் வேண்டாம். பக்கத்தில் ஆள் இருந்தால் சூழலுக்காகச் சிரித்துவைப்போம், அல்லது விவாதம் பண்ணத் தொடங்கிவிடுவோம். தனியாக இருக்கும்போது இரண்டும் இல்லாமல், அந்தக் காட்சியில் மற்ற பாத்திரங்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனிக்க முடியும். அறைக்குள் இருக்கும் அம்மா தலை குனிகிறாளா, தலையாட்டுகிறாளா? பல நேரம் இயக்குநர் என்ன நினைத்தார் என்பது அங்கேதான் தெரியும். பொறுக்கவில்லையா, அணைத்துவிடுங்கள்.

பேய்ப் படம்?

பகலில். தெரியாத அறையில், தெரியாத கதவுச் சத்தங்களோடு, இரவு பதினொரு மணிக்கு வேண்டாம். வீரம் காட்டுவதற்குப் பார்ப்பவர் யாருமில்லை.

பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறேன். பரவாயில்லையா?

‘ஸ்லீப் டைமர்’ வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் வைத்தால் போதும். இல்லாவிட்டால் நடுராத்திரி விளம்பரம் உங்களை எழுப்பும். தலையணையை இரண்டாக மடித்துக் கழுத்தை வளைத்துப் படுக்காதீர்கள், மறுநாள் ஊர் பார்க்கத் திரும்ப வேண்டிய கழுத்து அது. அறையை முழு இருட்டாக்காமல் டிவிக்குப் பின்னாலோ ஓரத்திலோ ஒரு மங்கிய விளக்கு எரிந்தால் கண்ணுக்கு இதம், கறுப்பு-வெள்ளைப் படமும் இன்னும் ஆழமாகத் தெரியும்.

வெளியே போகும்போது டிவியை ஓட விட்டுப் போகலாமா?

அறையில் ஆள் இருப்பது போலத் தோன்றட்டும் என்று தனியாகப் பயணிப்பவர்கள் பலரும் மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டுப் போவதுண்டு. கொஞ்ச நேரத்துக்கு என்றால் சரி. கதவைப் பூட்டுவதற்கு மாற்றாக மட்டும் நினைக்க வேண்டாம். நீங்கள் உள்ளே இருக்கும்போது, யாராவது கதவைத் தட்டினால் கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறைவாக வையுங்கள்.

விளம்பர இடைவேளையில் வேறு சேனலுக்குப் போய் வரலாமா?

போனால் திரும்ப மாட்டீர்கள். இரண்டு படத்தையும் பாதி பாதி பார்த்து முடிப்பீர்கள். அந்த நேரத்தில் குளித்துவிடுங்கள், மறுநாளுக்கான துணியை எடுத்து வையுங்கள்.

அறை டிவியில் என் ஓடிடி கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கவனிக்க வேண்டியது ஏதாவது?

கிளம்பும் முன் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள். மறந்துவிட்டால், போனிலிருந்து கணக்கின் அமைப்புக்குள் போய் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைத் தட்டுங்கள், கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். இல்லையென்றால் உங்களுக்குப் பின் அந்த அறைக்கு வந்தவரின் ரசனையெல்லாம் உங்கள் பரிந்துரைப் பட்டியலில் ஏறிக்கொண்டே இருக்கும்.

அறையைக் காலி செய்யும் நேரம் வந்துவிட்டது, படம் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மிச்சத்தைத் தேடிப் பார்க்கலாமா?

பெயரைக் குறித்து வைத்துக்கொண்டால் தாராளமாகப் பார்க்கலாம். பழைய படங்கள் பலவற்றை உரிமை வைத்திருப்பவர்களே இணையத்தில் முழுதாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு யோசனை: விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், நீங்கள் தவறவிட்ட தொடக்கத்திலிருந்து பாருங்கள். நீங்கள் ஊகித்து வைத்த மாமனார் அப்பாவாக இருக்கக்கூடும்.